ஊசிக் கதவும் சீனிக் கதவும்

குன்னூரில் நாங்கள் போகிற கிளினிக்கில் ஒரே ஒரு பெஞ்சு, அதற்கு எதிரே இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவுக்குள் டாக்டரம்மா இருப்பார். காய்ச்சல், வயிற்றுவலி, வெட்டுக்காயம், பிரஷர் எல்லாம் அங்கேதான். வலப்பக்கக் கதவு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும். அங்கே ஓமியோபதி டாக்டர் ஒருவர் உட்காருவார். டாக்டரம்மாவே அவரைக் கூப்பிட்டு இடம் கொடுத்திருந்தார். தீராத தும்மல், தோல் அரிப்பு என்று வருகிறவர்களை “அந்த ரூம்லயும் ஒருக்கா காட்டிப் பாருங்க” என்று அவரே அனுப்பிவைப்பார். எங்கள் எஸ்டேட் ஜனங்கள் இடப்பக்கத்துக்கு ஊசிக் கதவு என்றும் வலப்பக்கத்துக்குச் சீனிக் கதவு என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்களுக்குச் சர்க்கரை என்றால் சீனிதான். உள்ளே தருவது வெள்ளை வெள்ளையாகச் சீனி உருண்டை. வேறு என்ன பெயர் வைப்பது?

அந்தப் பெஞ்சில் ஓயாமல் ஒரு சண்டை நடக்கும். சீனி டாக்டருக்குத் தைல வாசனை ஆகாது. கற்பூரமோ தைலமோ பக்கத்தில் இருந்தால் உருண்டையின் வீரியம் போய்விடும் என்பார். நீலகிரியில் இருந்துகொண்டு நீலகிரித் தைலம் பூசாதே என்றால் நடக்கிற காரியமா? எங்களுக்குத் தலைவலி வந்தாலும் தைலம், சளி பிடித்தாலும் தைலம், பஸ்ஸில் குமட்டினால் கைக்குட்டையில் தைலம். ஊசிக் கதவுக்கு வந்தவர்கள் கமகமவென்று உட்கார்ந்திருப்பார்கள். சீனி டாக்டர் எட்டிப் பார்த்து, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவார். பனிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வரும். ஆளாளுக்கு அவர் முதுகை முறைத்துக்கொண்டு இருமுவார்கள். நான் அதிகம் முறைத்த கட்சியைச் சேர்ந்தவள். அந்தக் கதவுக்குள் நான் போனதே கோபத்தில்தான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், யாருக்காவது முகம் வெளுத்தால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த காலம் அது. நான் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ராமையா தேயிலை பேக்டரியில் டிரையர் ஓட்டுகிறவர். தேயிலையைக் கடைசியாகச் சூடு காட்டி உலர்த்துகிற மெஷின் அது. பேக்டரி ஓடிய நாளுக்கும் முழுச் சம்பளம் தர முடியாமல், மீதிக்குத் தேயிலைத்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். லயத்தில் எங்களுக்கு விட்ட ஒற்றை அறையான எங்கள் காம்பராவில் அரிசி டப்பா காலியாக இருந்த நாள் உண்டு. தேயிலை டப்பா காலியாக இருந்ததே இல்லை. முதலில் பாலை நிறுத்தினோம். அப்புறம் வெறுந்தேத்தண்ணிதான், அதாவது பால் இல்லாத கறுப்பு டீ. எழுந்ததும் தேத்தண்ணி, மலையில் போத்தலில் தேத்தண்ணி, சோற்றோடு தேத்தண்ணி, பசித்தால் சோற்றுக்குப் பதிலாகவும் தேத்தண்ணி. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் எங்கள் பக்கம் அது மரியாதைக் குறைச்சல்.

அதே சமயத்தில் என் உடம்பும் தகராறு செய்ய ஆரம்பித்தது. மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. நின்றதாக நினைத்து நிமிர்ந்தால் மறுபடி வந்துவிடும். வயது நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் என்று எங்கள் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படியே இருந்துவிட்டேன். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. கூடையைச் சுமந்துகொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன்.

“என்ன செல்வமணி, வயசாயிருச்சா?” என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“உங்களைவிட எனக்குக் கம்மிதானுங்க” என்றேன். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

ராமையாதான் என்னை ஊசிக் கதவுக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்கவேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்ததாம். ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ரத்தத்தைச் சிவப்பாக்குவது இரும்பு, அது குறைந்தால் உடம்புக்குள் காற்றைக் கொண்டுபோக ஆள் இருக்காது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று விளக்கினார். சாப்பிட்டபின் போடச் சொன்னார். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். அதற்குமேல் பேச அவருக்கும் நேரமில்லை, எனக்கும் பஸ் இருந்தது.

அன்றிலிருந்து மாத்திரை ராமையாவின் பொறுப்பு. நான் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தம்ளருமாக வந்து நிற்பார். அவர் போடுகிற தேத்தண்ணிக்கு லயத்திலேயே பேர் உண்டு. நன்றாகச் சாயம் இறங்கி, கறுத்து, நாக்கை இழுத்துப் பிடிக்கும். சம்பளத்துக்குப் பதிலாக வந்த தூளில் நல்லதைச் சலித்து எனக்கென்று தனி டப்பாவில் வைத்திருந்தார். “முழுங்கு மணி. மேல ஒரு வாய் குடி. நல்லா எறங்கும்” என்பார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. கையில் காசில்லாத அந்த நாட்களில் அவரால் எனக்குச் செய்ய முடிந்தது அதுதான், அதை அவர் மனசாரச் செய்தார்.

ஆனால் உடம்பு தேறவில்லை. இரண்டாம் முறை போனபோது டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். மூன்றாம் முறை போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். அவர் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

“நெசமாச் சொல்லுங்கம்மா. மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா, இல்ல வயிறு எரியுதுன்னு தூக்கி வீசிடறீங்களா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒரு நாள் விடலைங்க. வேணும்னா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

“போட்டா ஏறணுமே.”

“ஏறலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உள்ளே டாக்டரம்மா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேர் எதிரே பெஞ்சு. பக்கத்தில் சீனிக் கதவு திறந்திருந்தது. விறுவிறுவென்று அதற்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ராமையா பதறிப்போய்ப் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

சீனி டாக்டர் நீலகிரி மலைக்காரர், படுகர். எதற்கும் அவசரப்படாத ஆள். என்னைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார் என்று நினைக்கிறேன். நல்லவேளை, அன்றைக்கு நான் தைலம் பூசவில்லை. அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சாமி, என்ன கேள்விகள். குளிர் தாங்குமா, வெயில் தாங்குமா? தூக்கத்தில் கம்பளிக்கு வெளியே கால் நீட்டுவேனா? கோபம் வந்தால் அழுவேனா, கத்துவேனா?

“கத்துவேன்” என்றேன்.

“பக்கத்து ரூம்ல கேட்டுச்சுங்க” என்றார்.

மாதவிலக்கு பற்றியும் கேட்டார். ஊசிக் கதவுக்குள் அதை நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் கூச்சம். இவர் குளிர், தூக்கம், கோபம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்ததில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. மறைக்காமல் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“சாப்பாடு இல்லாத வேற ஏதாச்சும் திங்கணும்னு தோணுதுங்களா? மண்ணு, சாம்பல், பச்சரிசி, அந்த மாதிரி?”

நான் ராமையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கே தெரியாத விஷயம் அது. ஆள் இல்லாத நேரம் டப்பாவைத் திறந்து தேயிலைத்தூளை ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் சிட்டிகை போய்ப் பிடியாகிவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னேன்.

“பைத்தியமெல்லாம் இல்லீங்க. இரும்பு ரொம்பக் கொறஞ்சா சில பேருக்கு இப்படித்தான் தோணும். ஒருத்தர் மண்ணு திம்பாங்க, ஒருத்தர் ஐஸ் திம்பாங்க. உங்க ஊட்டுல தேயிலை இருந்துச்சு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் சுமந்த பயம் ஒரே பேச்சில் இறங்கியது.

பிறகு உருண்டைக்கு உண்டான பத்தியத்தைச் சொன்னார். போடுவதற்கு முன்னாலும் பின்னாலும் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது. காப்பி கூடாது, டீ கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, தைலம் கூடவே கூடாது.

எனக்கு அதுவே பெரிய தண்டனையாகப் பட்டது. “சரிங்க, உங்க உருண்டையைத் தேத்தண்ணி இல்லாமலே போட்டுக்கறேன். அந்த இரும்பு மாத்திரையையாவது வழக்கம்போலத் தேத்தண்ணியோட போட்டுக்கலாமில்ல?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“வழக்கம்போலன்னா?”

வாசலில் நின்ற ராமையா முந்திக்கொண்டார். “நான்தானுங்க குடுக்கறேன். ஒவ்வொரு வேளையும். நல்லா ஸ்ட்ராங்கா.”

சீனி டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என் கையைக் காட்டச் சொன்னார். கொழுந்து எடுக்கிறவர்கள் விரல் எல்லாம் கறுத்திருக்கும், அதை அவர் பார்த்தார்.

“கவாத்துக் கத்தியில தேயிலைச் சாறு பட்டா என்னாகுங்க?”

“கறுத்துப் போகும்.”

“எதனால? தேயிலையில இருக்கற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சுக்குது. அதேதான் உங்க வயித்துக்குள்ளயும் நடந்திருக்குது. மாத்திரையில இருக்கற இரும்பை டீ பிடிச்சு வெச்சுக்கிட்டா, குடல்லருந்து ரத்தத்துக்குப் போகாது. வந்த வழியே வெளிய போயிரும். நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. பாதிக்கு மேல தேயிலை தின்னிருச்சு.”

தேயிலைச் செடியின் கிளையைக் கவாத்து வெட்டுகிற கத்தி கறுப்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தேய்த்துத் தேய்த்து விளக்கியிருக்கிறேன். அது என் வயிற்றுக்குள் நடக்கும் என்று யார் கண்டது? எங்கள் ஜனங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் மாத்திரையை எதில் போடுவாய் என்றால் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள்.

“இது என் உருண்டைக்கு அடங்கற வேலை இல்லீங்க. எந்திரிங்க” என்று என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து மறுபடி ஊசிக் கதவுக்குள் அழைத்துக்கொண்டு போனார். ஐந்தாறு எட்டு தூரம்தான். தனித்தனி ஊரில் தனித்தனி டாக்டராக இருந்திருந்தால் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். டாக்டரம்மா அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீயிலயா போட்டீங்க?”

“வேற எதுல போடறதுங்க?”

“நான் கேட்டிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். எனக்கு இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. பெரிய படிப்பு படித்தவர் ஒரு கொழுந்து எடுக்கிறவளிடம் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிசாக இருந்தது.

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் என்கிற ரத்த அளவு பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆறுகூட இல்லை. ரத்தம் இவ்வளவு போவதற்கு உள்ளே ஏதோ காரணம் இருக்கிறது என்று சொல்லி, டாக்டரம்மா ஊட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அங்கே போய்ச் சேரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. புற்று இல்லை, சதை நார் திரண்டு கட்டியாக நிற்பது, பல பெண்களுக்கு வருவதுதான் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். ஆனால் என் கட்டி இருக்கும் இடமும் அளவும் மோசம். அதுதான் ரத்தத்தை இறக்கிக்கொண்டிருந்தது. கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவது நல்லது என்றார். நானும் சரி என்றேன். கர்ப்பப்பையால் எனக்கு ஆகவேண்டிய வேலையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

ரத்தம் ஏற்றினார்கள். ராமையாவோடு டிரையரில் வேலை பார்க்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, எனக்கு ஆளுக்கொரு பன் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் முழுச் சம்பளம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பன்னைப் பிட்டு ராமையாவுக்குப் பாதி கொடுத்துத்தான் தின்றேன்.

ஆனால் மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றிய ரத்தம் ஆபத்தைத் தாண்டத்தான் போதும், ஆபரேஷனுக்குப் போதாது, இதயம் தாங்காது என்றார். “பத்து வரட்டும்மா. பத்து வந்தா நான் மயக்கம் குடுக்கறேன்.” ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகமொத்தம் ஒரு பக்கம் ஊற்றவேண்டும், மறுபக்கம் ஒழுகும். ஊற்றுவது முந்தினால் நான் பிழைத்தேன். ஒழுகுவது முந்தினால் மறுபடி ரத்தம் ஏற்றி, மறுபடி காத்திருந்து, எத்தனை தடவை உடம்பு தாங்கும்? எனக்கு முதல்முறையாகச் சாவு பயம் வந்தது அந்த பஸ்ஸில்தான். லவ்டேல் வளைவில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

 வீட்டுக்கு வந்ததும் ராமையா எனக்கென்று வைத்திருந்த தனி டப்பாவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என் தேத்தண்ணியா மணி?”

“தேத்தண்ணி இல்ல. கட்டி.”

“நான் குடுத்தது ஏறியிருந்தா இப்பிடி ஆயிருக்காதே.”

“நீங்க கண்டீங்களா, நான் கண்டேனா? டாக்டரம்மாவே காணல” என்று அதட்டினேன். அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. டப்பாவை மேலே பரண் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அதோடு தானும் தேத்தண்ணியை நிறுத்திவிட்டார். நான் எவ்வளவோ சண்டை போட்டேன், உங்களுக்கென்ன ரத்தக்குறைவா என்று கேட்டேன். “நீ குடிக்காம எனக்கு எறங்காது” என்பார். தேயிலைச் சூட்டிலேயே நாளெல்லாம் நிற்கிற மனுஷன் வீட்டுக்கு வந்து சுடுதண்ணீர் குடித்தார்.

இரும்போடு புளிப்பு சேர்ந்தால் நன்றாக ஏறும் என்று சீனி டாக்டர் சொல்லியிருந்தார். ராமையா எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்து, பழையபடி ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தம்ளருமாக வந்து நின்றார். எங்கள் மழைக்கும் குளிருக்கும் அதைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் நாத்தனார் பாக்கியம் அடுத்த காம்பராவிலிருந்து வந்து, “தேத்தண்ணி இல்லாம எவளாச்சும் மாத்திரை போடுவாளா? எந்த ஊரு வைத்தியம் இது?” என்று மூக்கில் விரல் வைத்தாள். மறுநாள் ஒரு கூறு கீரையும் ஈரலும் ஆக்கிக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான்.

இடையில் ஒரு தடவை போக்கு அதிகமானது. போச்சு, எல்லாம் போச்சு என்று படுத்துவிட்டேன். பாக்கியம் என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாளைக்கு மறுநாள் நின்றுவிட்டது. சீனி உருண்டையையும் விடாமல் போட்டேன். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும், ஆனா இதை நம்பி இரும்பு மாத்திரையை விட்டுராதீங்க என்று சீனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உருண்டை என்ன செய்ததோ, எனக்குத் தெரியாது. அவர் உட்கார வைத்துக் கேட்டது என்னைக் காப்பாற்றியது, அது தெரியும். தூளை மெல்லும் ஆசை எப்போது போனது என்றுகூடக் கவனிக்கவில்லை. ஒரு நாள் டப்பா பக்கம் கண் போய் நாளாகிவிட்டதே என்று தோன்றியது.

ரத்தப் பரிசோதனைக்காகக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. டாக்டரம்மா சீட்டோடு வெளியே வந்தார், சத்தம் கேட்டுச் சீனி டாக்டரும் எட்டிப் பார்த்தார்.

“பத்தைத் தாண்டிருச்சும்மா.”

எனக்கு உசிர் போய் உசிர் வந்தது. மேட்டை மூச்சு வாங்காமல் ஏறும்போதே எனக்கு ஒரு தைரியம் இருந்தது, இருந்தாலும் காதால் கேட்கிறது வேறுதானே. ராமையா எழுந்து நின்று இரண்டு கதவையும் பார்த்துக் கும்பிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் இருமுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நினைவு இருந்தது. ஊட்டியில் மழை எப்போது விடும் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பயந்ததில் பாதிகூட வலிக்கவில்லை. வலித்தது மறுநாள் இருமும்போதுதான்.

டாக்டர் டீ குடிக்கலாம் என்று அனுமதி கொடுத்த அன்றைக்கு ராமையா பிளாஸ்க்கோடு வந்தார். பரண் ஓரத்து டப்பாவை இறக்கி, பால் வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டது. மூடியைத் திருகியதுமே வார்டு மணத்தது. பக்கத்துக் கட்டிலில் கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். முகம் நான் இருந்ததுபோலவே வெளுத்திருந்தது. உள்ளங்கையில் சிவப்பு மாத்திரையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

“சேச்சி, கொஞ்சம் சாயா தருவீங்களா? இந்த மாத்திரை எறங்க மாட்டேங்குது.”

ராமையா திருகிய மூடியைத் திரும்ப மூடினார். எழுந்து போய் அவள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“தண்ணியில முழுங்கு தாயி. தேத்தண்ணி எங்கயும் ஓடிப்போயிராது. நான் பாத்துக்கறேன். ஒரு ரெண்டு மணி நேரம் போகட்டும்.”

அவள் விழுங்கினாள். அவர் ஸ்டூலை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஊத்துங்க. நான் காலையிலயே போட்டாச்சு” என்றேன்.

“அந்தப் புள்ள பாத்துக்கிட்டுக் கெடக்கறப்ப உனக்கு மட்டும் எப்பிடி ஊத்தறது?”

காத்திருந்தோம். அவர் அவளுக்குக் கவாத்துக் கத்தி கறுக்கிற கதையைச் சொன்னார். அவள் குழந்தை அழுதது, தூங்கியது. பழைய பிளாஸ்க், சூட்டைப் பிடித்துவைக்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துபோயிற்று. கடைசியில் அவர் எழுந்து மூன்று தம்ளரில் ஊற்றினார். அவருக்கும் சேர்த்துத்தான். தேத்தண்ணி ஆறி அவலாகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ராமையா எனக்கு ஆறிய தேத்தண்ணி கொடுத்தது அது ஒரு தடவைதான். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.